புதிய மாணவனின் கையைப் பிடிப்பவர் யார்?

  

புகழ் அனைத்தும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களது கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பல்கலைக்கழகத்துக்கு அனுப்புங்கள் என்று நமது மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது சொல்லப்பட வேண்டியதே. ஆனால் அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தின் வாசலைக் கடந்த பின், முதல் மாதத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த அன்று வீட்டில் இனிப்புப் பகிர்கிறோம். பெட்டியைக் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றி விடுகிறோம். அதன் பின் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்பவர் யார்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நமது பொரளைப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். கின்ஸி வீதியில் அமைந்துள்ள கொழும்பு மருத்துவ பீடம் 1870ஆம் ஆண்டு மருத்துவப் பாடசாலையாக ஆரம்பிக்கப்பட்டது. அன்று தொட்டு இன்று வரை நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து சேர்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு பேணப்படுவதால், கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் பக்கத்து ஆசனத்தில் மூதூர்ப் பிள்ளை அமர்கிறது. புத்தளத்துப் பிள்ளையின் பக்கத்தில் மொனராகலைப் பிள்ளை அமர்கிறது. இவர்களோடு, கடல் கடந்து வந்து கொழும்பின் கல்வி நிலையங்களில் படிக்கும் மாலைதீவு மாணவர்களும் நம் தெருக்களில் நடமாடுகிறார்கள். மாலைதீவின் ஜனாதிபதியாக 30 ஆண்டுகள் இருந்த மஃமூன் அப்துல் கையூம் அவர்களும் சிறு வயதில் இலங்கையில் படித்து, பின்னர் எகிப்தின் அல்அஸ்ஹருக்குச் சென்றவரே.

இப்படி வந்து சேரும் பிள்ளையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று ஆண்டுகள் தமிழ் மொழியில் படித்த பிள்ளைக்கு முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை நடக்கிறது. விரிவுரையாளர் சொன்னதில் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுந்து சொல்லவும் நாவு வரவில்லை. தங்குவதற்கு அறை தேட வேண்டும். அறையின் வாடகை, முற்பணம், சாப்பாடு, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. லுஹர் தொழ எங்கே இடம், ஹலாலான உணவு எங்கே, எந்த நூலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், எந்த நூலை நூலகத்தில் எடுத்தால் போதும் என்பவை எதுவும் தெரியவில்லை. ஊரிலே “எங்கள் ஊரின் முதல் டொக்டர்” என்று கொண்டாடப்பட்ட பிள்ளை, இங்கே வழி கேட்பதற்கும் ஆளில்லாமல் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கோ இவற்றுடன் வதிவிட விசாவுக்காகப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்துக்கு அலையும் வேலையும், தெரியாத இரண்டு மொழிகளும் சேர்ந்துகொள்கின்றன.

அன்பர்களே! இந்த நிலையில் நிற்கும் பிள்ளையை யாரோ ஒருவர் நிச்சயம் சந்திப்பார். அதில் ஐயமில்லை. சந்திப்பவர் எத்தகையவர் என்பதிலேதான் அந்தப் பிள்ளையின் அடுத்த சில ஆண்டுகள் தங்கியிருக்கின்றன.

நமது நாட்டில் பல ஆண்டுகளாக அவ்வாறு சந்திப்பவர் பகிடிவதை செய்பவராக இருந்து வருவது வேதனைக்குரியது. 1975ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருவர் பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடத்துக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவர் ஒருவர், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டு, சிறுநீரகங்கள் செயலிழந்து மரணமானார். பெற்றோர் பட்டதாரியாகத் திரும்பி வருவான் என்று அனுப்பிய மகன் ஜனாஸாவாகத் திரும்பினான். அடுத்த ஆண்டே, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வகையான வன்செயல்களையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரை கடூழியச் சிறைத்தண்டனை உண்டு. அதன்போது பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ விளைவிக்கப்பட்டால் 10 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. என்றாலும் பகிடிவதை ஒழிந்துவிட்டது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

ஏன் ஒழியவில்லை? இதைச் சற்று ஆழமாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

நமது பல்கலைக்கழகங்களில் “குப்பி” என்றொரு வழக்கம் உண்டு. பாடத்தில் தேர்ச்சியுள்ள மாணவர் ஒருவர், மற்ற மாணவர்களை ஓரிடத்தில் கூட்டி, விளங்காத பாடத்தைத் தமது மொழியில் விளக்கிக் கொடுப்பதே குப்பி. போத்தலில் திரியிட்டு எரிக்கும் குப்பி விளக்கின் பெயரே இதற்கு வந்தது என்பர். இதற்குக் கட்டணமில்லை, சான்றிதழும் இல்லை. ஆங்கில விரிவுரையில் திணறிய எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் குப்பியினால் பட்டம் பெற்றிருக்கிறார்கள். இது மிக அழகிய ஒரு நற்பழக்கம்.

ஆனால் பல பீடங்களில் இந்த நற்பழக்கத்தின் கழுத்தில் பகிடிவதை கயிறு கட்டி வைத்திருக்கிறது. பகிடிவதைக்கு இணங்கியவனுக்குக் குப்பி உண்டு, பழைய வினாத்தாள் உண்டு, விடுதியில் துணை உண்டு. இணங்காதவனோடு பேசுவாரில்லை, குறிப்புக் கொடுப்பாரில்லை, விளையாட்டிலும் மாணவர் சங்கங்களிலும் இடமில்லை. ஆகவே புதிய பிள்ளை அச்சத்தினால் மட்டும் தலை குனிவதில்லை. தேவையினாலும் தலை குனிகிறது. பசித்தவனிடம் சோற்றைக் காட்டி மானத்தைக் கேட்பது போன்ற கொடுமை இது. உதவிக்கு வேறு வழி இல்லாத இடத்தில் சட்டம் மாத்திரம் தனியே நின்று என்ன செய்யும்?

இதனால் நாம் சொல்ல வருவது யாதெனில், பகிடிவதையைக் கண்டிப்பது மட்டும் போதாது. புதிய மாணவனுக்குத் தேவையான உதவியை எந்த நிபந்தனையும் இன்றிக் கொடுப்பதற்கு மூத்த மாணவர்கள் முன்வர வேண்டும். அந்த உதவி வாசலிலேயே கிடைத்துவிட்டால், பகிடிவதை செய்பவன் காட்டுவதற்கு அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது.

“இது விளையாட்டுத்தானே, பழகுவதற்காகச் செய்வதுதானே” என்று சிலர் நியாயம் பேசுகிறார்கள். ஒரு பிரயாணத்தில் ஸஹாபாக்களில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்த போது, மற்றொருவர் அவரது கயிற்றை விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைப் பயமுறுத்துவது முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் அப்போதே தடுத்ததாக அபூதாவூத் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. உறக்கத்தில் ஒரு கயிற்றை எடுத்துத் திடுக்கிட வைப்பதற்கே இந்தத் தடை என்றால், நள்ளிரவில் வரிசையாக நிறுத்தி வைத்து நடுங்க வைப்பதற்கு என்ன பெயர்? புதியவர்களுக்கு இழிவான பட்டப்பெயர் சூட்டி, நான்கு வருடமும் அப்பெயராலேயே அழைப்பதும் பகிடிவதையின் ஓர் அங்கமாகும். பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் அல்லாஹுத் தஆலா ஸூரதுல் ஹுஜுராத்தில் நேரடியாகவே தடுத்திருக்கிறான்.

வேறு சிலர், “எங்களுக்கும் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம்” என்பர். இதைவிடப் பலவீனமான வாதம் வேறில்லை. உமக்கு அநீதி இழைத்தவர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். நீர் பழி தீர்ப்பதோ, உம்மை அதற்கு முன் கண்டிராத ஒரு பிள்ளையிடம். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் அடிப்படையல்லவா?

அப்படியானால் புதியவரை எப்படி வரவேற்பது? மதீனாவைப் பாருங்கள். வீட்டையும் சொத்தையும் விட்டு வந்த முஹாஜிர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு கூட்டமாக ஓரிடத்தில் விட்டுவிடவில்லை. ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் அன்ஸார்களோடு சகோதரர்களாக இணைத்து வைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரழி) அவர்களுக்குச் சகோதரராக ஸஃத் இப்னுர் ரபீஃ (ரழி) அமைந்தார். தமது செல்வத்தில் சரிபாதியைத் தருவதாக ஸஃத் (ரழி) முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்களோ அவருக்காக பரகத் வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டப்பட்டது. சென்றவர் பாற்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார். பின்னாளில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்.

இந்தச் சம்பவத்தில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. முதலாவது, உதவி பொதுவாக அறிவிக்கப்படவில்லை. இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் குறித்து ஒப்படைக்கப்பட்டது. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடப்பட்டவனை ஒருவரும் பார்ப்பதில்லை. இரண்டாவது, கொடுத்தவர் பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. மூன்றாவது, பெற்றவர் என்றென்றும் கையேந்தி நிற்கவில்லை. வழி காட்டப்பட்டதும் தமது காலில் நின்றார். மூத்த மாணவரின் வேலையும் இதுதான். புதியவனுக்குச் சந்தைக்கு வழி காட்ட வேண்டும். அவனைத் தம் தோளில் நிரந்தரமாகச் சுமக்கத் தேவையில்லை.

மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியும் இங்கே பொருந்துகிறது. ஒத்த வயதுடைய சில இளைஞர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து 20 இரவுகள் தங்கிக் கற்றார்கள். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்பதை, அவர்கள் வாய் திறந்து சொல்லும் முன்பே நபியவர்கள் உணர்ந்து, வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, ஊர் திரும்பிக் கற்பிக்குமாறு அனுப்பி வைத்தார்கள். மாணவனிடம் பாடத்தைக் கேட்கும் முன் வீட்டைக் கேட்பது ஸுன்னத்தான பண்பு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

பிற்காலத்தில் நமது கல்விக்கூடங்களும் இந்த அடிப்படையைப் பேணின. மத்ரஸாக்களில் ஆசிரியரின் பாடத்தை மாணவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுக்க “முஈத்” என்றொருவர் நியமிக்கப்பட்டார். அல்அஸ்ஹரில் மொரோக்கோப் பக்கத்தவர், துருக்கியர், ஷாம் தேசத்தவர், ஜாவாவினர் என்று தூரத்து மாணவர்களுக்குத் தனித்தனி “ரிவாக்”குகள் இருந்தன. தன் மொழி பேசும் மூத்தவர்களின் மத்தியில் தங்கி, அவர்கள் வழியாகவே புதியவர் கெய்ரோவை அறிந்துகொண்டார். அறபுக் கல்லூரிகளில் அன்றைய பாடத்தை இரவில் தோழர்கள் கூடி மீட்டும் பழக்கம் இன்றும் உண்டு.

தமிழ் மண்ணிலும் இது புதிதல்ல. பழைய திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்து நாட்டவர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அம்முறையைத் தமது பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவரே இளையவருக்குக் கற்பிக்கும்படியும் செய்தார். 1797இல் அதைப் பற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். அது “மெட்ராஸ் முறை” என்ற பெயரிலேயே பிரித்தானியாவின் பள்ளிக்கூடங்களில் பரவியது. அவரது கொடையினால் 1833இல் ஸ்கொட்லாந்தில் நிறுவப்பட்ட பாடசாலைக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். மேல்நாடு நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற ஒன்றை நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தவறலாமா?

இளைஞர்களே! இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு புதிய மாணவரைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். கூடுமானவரை ஒரே பீடத்தவராக இருக்கட்டும். மாணவிகளுக்கு மாணவிகளே துணை நிற்கட்டும். பதிவு செய்யும் நாளுக்கு முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். முதல் நாள் வாசலில் சந்தியுங்கள். நூலகம், தொழுமிடம், சிற்றுண்டிச்சாலை, மாணவர் நல அலுவலகம் ஆகியவற்றை நடந்தே காட்டுங்கள். முதல் ஆறு வாரங்களுக்கு வாரம் ஒரு முறையாவது அமர்ந்து பேசுங்கள். உங்கள் குறிப்புகளைக் கொடுங்கள். எந்தப் பாடத்தில் நீங்கள் திணறினீர்கள், எப்படி மீண்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் குப்பியின் கதவைப் பகிடிவதைக்கு இணங்காதவனுக்கும் திறந்து வையுங்கள். அவனுக்காகவே முதலில் திறந்து வையுங்கள்.

வெளிநாட்டு மாணவராயின் விசாவுக்கு வேண்டிய பத்திரங்கள், வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு ஆகியவற்றில் ஒரு நாள் கூடச் செல்லுங்கள். ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெருநாளன்று அறையில் தனித்திருக்க விடாதீர்கள்.

இதற்குச் சில எல்லைகளும் உண்டு. நீங்கள் செய்த உதவியைக் காட்டி அவனை உங்கள் கட்சிக்கோ, இயக்கத்துக்கோ, ஜமாஅத்துக்கோ ஆள் சேர்க்காதீர்கள்; அதுவும் ஒரு வகை நிபந்தனையே. நம்மவர் என்ற வட்டத்துக்குள் மட்டும் அவனை அடைத்துவிடாதீர்கள். சிங்கள, தமிழ் மாணவர்களோடு பழகும் வழியையும் காட்டுங்கள். உங்கள் உதவியும் முஸ்லிம் மாணவரோடு நின்றுவிட வேண்டியதில்லை. பக்கத்து ஆசனத்து மொனராகலைப் பிள்ளைக்கும் ஊர் தூரம்தான். அவன் நம்பிச் சொன்ன செய்தி அமானிதம். அதை வெளியில் பேசாதீர்கள். ஆனால் அவன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மறைத்து வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் உண்டு. உங்களால் முடியாததை முடிந்தவரிடம் சேர்ப்பதும் உதவியே.

பெற்றோர்களே! உங்கள் பங்கும் பெரியது. பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும் போது “சாப்பிட்டாயா, படிக்கிறாயா” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். யாரோடு இருக்கிறாய், இரவில் எங்கே போகச் சொல்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நன்றாகப் பேசிய பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்றால், “எல்லோரும் தாங்கியதுதானே, நீயும் தாங்கு” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தை, பிள்ளை ஓடி வரக்கூடிய கடைசிக் கதவையும் மூடிவிடும். பல்கலைக்கழக நிர்வாகத்திடம் முறையிடுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பகிடிவதை முறைப்பாடுகளை ஏற்கிறது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

பொரளையிலும், மருதானையிலும், வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையிலும் வீடும் அறையும் வைத்திருப்பவர்களே! உங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை யாரோ ஒரு தாயின் அமானிதம். வாடகையை வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அத்துடன் மாதத்தில் ஒரு நாளாவது உங்கள் ஸஹனில் அந்தப் பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுங்கள். இருவருக்கான உணவு வீட்டில் இருப்பவர் திண்ணைத் தோழர்களில் ஒருவரை மூன்றாமவராக அழைத்துச் செல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். அந்தத் திண்ணைத் தோழர்களும் ஊரை விட்டு வந்து கல்வி கற்றவர்களே.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். புதிய மாணவர் அனுமதிக் காலத்தில், அந்த மஹல்லாவில் தங்கியிருக்கும் மூத்த மாணவர்களின் பெயர்களைத் திரட்டி, வருபவர்களோடு இணைத்து வைக்கலாம். இதற்குப் பெருந்தொகைப் பணமோ பெரிய கட்டடமோ தேவையில்லை. ஒரு கொப்பியும், பொறுப்பான ஒருவரும் போதும்.

இன்று ஒரு புதிய மாணவனுக்கு நிபந்தனையின்றி உதவி கிடைத்தால், அவன் அடுத்த வருடம் இன்னொருவனுக்கு உதவுவான். இன்று அவன் அவமானப்படுத்தப்பட்டால், அந்த அவமானத்தையே அடுத்தவனுக்குக் கொடுப்பான். இரண்டில் எது தொடர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர், இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கும் நீங்கள்தான்.

ஊரை விட்டுக் கல்வி தேடி வந்திருக்கும் நமது பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! அவர்களுக்குக் கை கொடுக்கும் நல்லுள்ளங்களை நம்மில் அதிகரிக்கச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.